கூஜாவை மறக்காதீர்கள்!

வில்லியனூர்ப் பக்கம் உங்களுக்கு உறவினர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் நல்லது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மார்கழி, தை மாதங்களில் ஒரு நாள், பொழுது புலரும் வேளையில், இரண்டு மூன்று சிநேகிதிகளோடு ஊசுட்டேரிக் கரைக்குப் போய்ப் பாருங்கள். புதுச்சேரி வட்டாரத்திலேயே பெரிய ஏரி இது. 2008-ல் புதுவை அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

போனவுடன் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பொறுங்கள். தண்ணீருக்கு மேல் பாம்பு தலை தூக்குவதுபோல் ஒரு கழுத்து எழும்; அதுதான் பாம்புத்தாரா. கூட்டமாக மிதக்கும் கறுப்புப் பறவைகள் நாமக்கோழிகள். நெற்றியில் வெள்ளை நாமம் இருப்பதால் அந்தப் பெயர்! தெற்கே பாகூர் ஏரிப் பக்கம் போனால், வயல் சேற்றில் நத்தைகுத்தி நாரையைக் காணலாம். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும்.

இந்த ஆனந்தத்துக்கு நடுவில் ஒரு சங்கடமான சமாசாரம் சொல்ல வேண்டியிருக்கிறது. "வெளியே போகிறோம், ஒதுங்க இடம் இராது" என்று ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பும் வழக்கம் நம் பெண்களுக்கு உண்டல்லவா? கவலை நியாயமானதுதான். ஆனால் நடந்து வியர்த்து, தண்ணீரும் குடிக்காவிட்டால், சிறுநீர் அடர்த்தியாகிறது. அதில் உள்ள உப்புகள் படிந்து, நாளடைவில் சிறுநீரகக் கல்லாகின்றன. ஒரு தடவை கல் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, தற்காப்புச் செய்துகொள்ளாவிட்டால், பத்து வருஷத்துக்குள் மறுபடியும் வருகிறது. அந்த வலியைப் பட்டவர்களிடம் கேளுங்கள். பிரசவ வலியே தேவலை என்பார்கள்!

அதற்காக நடையை விடுவதா? கூடவே கூடாது. விடியலில் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்புங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கூஜாவோ பாட்டிலோ, கையில் இருக்கட்டும். நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீராவது போகும்படி தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது வைத்தியர்கள் கணக்கு. இருதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டே அளவை நிர்ணயிக்க வேண்டும்.

எலுமிச்சம்பழச் சாறு உப்பில்லாமல் சாப்பிடலாம். அதிலுள்ள சிட்ரேட் கல் சேராமல் தடுக்க உதவும். ஊறுகாயையும் அப்பளத்தையும் குறையுங்கள். கல்லில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறதென்று பாலையும் மோரையும் நிறுத்திவிடாதீர்கள். உணவோடு சேரும் சுண்ணாம்புச் சத்து, கல்லுக்குக் காரணமான ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். வாழைத்தண்டு சமையுங்கள், ஆனால் அதையே நம்பி வைத்தியரைத் தள்ளிவிடாதீர்கள். வலியோடு காய்ச்சலும் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒதுங்கும் சங்கதியை ஒருத்தி தனியாகச் சொல்லக் கூசுவாள். நாலு சிநேகிதிகள் சேர்ந்தால் கூச்சம் எங்கே? புறப்படுமுன்பே, வழியில் யார் வீட்டில் ஐந்து நிமிஷம் இறங்கலாம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லியனூரில் உறவினர் உண்டா என்று முதலிலேயே கேட்டேனே, ஏன் என்று இப்போது தெரிகிறதா?