ஆட்டிசம்: காரணங்கள், இயல்புகள், கண்டறிதல் – வத்தலக்குண்டு வட்டாரச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய, குழந்தைப் பருவத்திலேயே தோன்றும் ஒரு நிலை. தமிழில் இதற்கு வழங்கும் பெயர்களுள் சில, இந்நிலையுடைய குழந்தைக்குப் புற உலகைப் பற்றிய உணர்வே இல்லை என்ற எண்ணத்தை ஏற்படுத்துகின்றன. இக்கட்டுரை ஆட்டிசத்தின் இயல்புகள், காரணங்கள், கண்டறியும் முறைகள் ஆகியவற்றை விளக்குகிறது. வத்தலக்குண்டு போன்ற சிற்றூர்ச் சூழலில் இதனைத் தொடக்கத்திலேயே இனங்காண, 16 முதல் 24 மாதங்களுக்குள் நிகழும் தடுப்பூசிச் சந்திப்பு உரிய வாய்ப்பாகும் என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஆட்டிசம், மதியிறுக்கம், கூட்டுக் கவனம், எதிரொலிப் பேச்சு, தொடக்கநிலை இடையீடு, வத்தலக்குண்டு.

1. முன்னுரை

திண்டுக்கல் மாவட்டத்தில், கொடைக்கானல் மலையடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் வத்தலக்குண்டு. சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் சந்தைக்கும் மருத்துவத்திற்கும் பேருந்து மாறுவதற்கும் வந்து செல்லும் இடம் இது. இத்தகைய ஊர்களில், இரண்டு வயதாகியும் பேசாத குழந்தையைப் பற்றித் தாய் கவலைப்பட்டால், 'ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்', 'அவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்' என்று உறவினர் ஆறுதல் கூறுவது வழக்கம். அன்பினால் கூறப்படும் இச்சொற்கள் சில குழந்தைகளுக்கு ஓரிரு ஆண்டுகளை இழக்கச் செய்கின்றன. மூளை விரைவாக வளரும் பருவத்தில் இவ்விழப்பு பெரிது. எனவே ஆட்டிசத்தைப் பற்றிய தெளிவு மருத்துவருக்கு மட்டுமன்றி, ஆசிரியருக்கும் குடும்பத்தாருக்கும் தேவைப்படுகிறது.

2. பெயரும் பொருளும்

ஆட்டிசம் என்னும் சொல், 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் யூஜென் பிளாய்லரால் உருவாக்கப்பட்டது. மனச்சிதைவு நோயாளரிடம் காணப்பட்ட ஒதுங்கும் தன்மையை அவர் இச்சொல்லால் குறித்தார். 1943-இல் அமெரிக்காவில் பணியாற்றிய லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையில் இதனைத் தனி நிலையாக விளக்கினார். 1944-இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இதனை ஒத்த இயல்புகளைப் பதிவு செய்தார். இவ்விருவருக்கும் முன்பே, 1925-இல், ரஷ்ய மருத்துவர் குரூன்யா சுகரேவா இத்தகைய சிறுவர்களை விவரித்துள்ளமை பின்னரே பரவலாக அறியப்பட்டது.

தமிழில் மதியிறுக்கம், தற்புனைவு ஆழ்வு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்ற' என்னும் தொடரும் இடம்பெறுகிறது. இத்தொடர் உண்மைக்கு மாறான ஒரு படிமத்தைத் தருகிறது. 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் பதிப்புக் கையேடு, புலன் உணர்வுகளுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினையாற்றுவதை ஆட்டிசத்தின் இயல்புகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. பேருந்து நிலையத்தில் ஒலிப்பான்களின் ஓசை கேட்டுக் காதைப் பொத்தி அழும் குழந்தைக்குப் புற உலகம் இல்லாமற்போகவில்லை. தாங்க இயலாத அளவுக்கு அது மிகுந்து வருகிறது. அக்குழந்தையை 'அடம் பிடிக்கிறது' என்று அதட்டுவதற்கும், ஓசையிலிருந்து விலக்கி அமைதிப்படுத்துவதற்கும் இடையிலான வேறுபாடு இப்புரிதலைச் சார்ந்தது.

3. இயல்புகள்

ஆட்டிசத்தின் இயல்புகள் இரு பிரிவுகளில் அடங்கும்.

அ) சமூகத் தொடர்பில் காணப்படும் வேறுபாடுகள்: பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கண் நோக்குக் குறைவு, பிற குழந்தைகளோடு சேர்ந்து விளையாடுவதில் இடர்ப்பாடு முதலியன. இவற்றுள் கூட்டுக் கவனம் முதன்மையானது. நிலாவைக் காட்டிச் சோறூட்டும்போது குழந்தை நிலாவையும் தாயின் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறது; பின்னர்த் தானே விரல் நீட்டி 'பார்' என்பதுபோல் காட்டுகிறது. பெரும்பாலான குழந்தைகள் ஒன்றரை வயதுக்குள் இவ்வாறு சுட்டிக்காட்டுகின்றன. ஆட்டிசமுடைய குழந்தை பெரும்பாலும் தனக்கு வேண்டிய பொருளை நோக்கிப் பெரியவரின் கையைப் பிடித்து இழுத்துச் செல்லும். தன் வியப்பைப் பகிர்வதற்காகச் சுட்டுவது அரிதாக இருக்கும். ஆகவே 'பேசுகிறதா?' என்பதோடு, 'சுட்டிக்காட்டுகிறதா?' என்றும் கேட்க வேண்டும்.

ஆ) திரும்பத் திரும்ப நிகழும் செயல்களும் வரையறுத்த நாட்டங்களும்: கைகளை உதறுதல், பொருள்களை வரிசையாக அடுக்குதல், வழக்கமான பாதை மாறினால் கலங்குதல், ஒரே பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு, முற்கூறிய புலன் உணர்வு வேறுபாடுகள் முதலியன.

எதிரொலிப் பேச்சும் இப்பிரிவில் அடங்கும். இது மொழியாய்வாளர் கவனத்திற்குரியது. தன்னைக் குறிக்க 'நீ' என்று கூறும் குழந்தைகளைக் கானர் பதிவு செய்துள்ளார். தமிழில் எழுவாய் பெரும்பாலும் மறைந்து நிற்பதால், இவ்வியல்பு வினைமுற்றிலும் வினாவடிவிலும் வெளிப்படக்கூடும். பசித்த குழந்தை, தாய் வழக்கமாகக் கேட்கும் 'சாப்பிடுறியா?' என்னும் வினாவையே தன் வேண்டுகோளாகக் கூறலாம். இது பொருளற்ற ஒப்பித்தல் அன்று. கேட்ட தொடரை முழுமையாகக் கொண்டு கருத்துணர்த்தும் முயற்சியாகும். 'சாப்பிடணும்' என்று குழந்தை சொல்ல வேண்டிய வடிவிலேயே தாய் சொல்லிக் காட்டுவது உதவும்.

4. காரணங்கள்

ஆட்டிசத்திற்கு ஒற்றைக் காரணம் இல்லை. 1977-இல் சூசன் போல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து மரபுக்கூறுகளின் பங்கை வெளிப்படுத்தினர். 2019-இல் வெளியான, ஐந்து நாடுகளைச் சேர்ந்த 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வு, மரபுவழிப் பங்கினை ஏறத்தாழ 80 விழுக்காடு என மதிப்பிட்டது. பெற்றோரின் முதிர்ந்த வயது, குறைமாதப் பிறப்பு, கருவுற்ற காலத்தில் வலிப்புக்கான வால்புரோயேட் மருந்தை உட்கொள்ளுதல் ஆகியவை வாய்ப்பை மிகுவிக்கும் காரணிகளாக அறியப்பட்டுள்ளன.

காரணம் அல்லாதவற்றைத் தெளிவுபடுத்துவதும் இன்றியமையாதது. தாயின் பாசக்குறைவே காரணம் என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் எழுதிய நூலும் பின்வந்த ஆய்வுகளும் அதனை மறுத்தன. தடுப்பூசியே காரணம் என்று 1998-இல் 12 குழந்தைகளை மட்டும் கொண்டு எழுந்த ஐயம், அக்கட்டுரையை லான்செட் இதழ் 2010-இல் திரும்பப் பெற்றதோடு அடிப்படை இழந்தது. 2019-இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளை ஆராய்ந்தபோதும் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை.

5. கண்டறிதல்

இரத்தப் பரிசோதனையாலோ மூளைப் படத்தாலோ ஆட்டிசத்தை உறுதிசெய்ய இயலாது. குழந்தையின் வளர்ச்சி வரலாற்றைக் கேட்டும் நடத்தையை உற்றுநோக்கியும் வல்லுநர் முடிவு செய்கின்றனர். செவித்திறன் குறைபாடு உண்டா என்பதை முதலில் அறிய வேண்டும்.

எம்-சாட் என்னும் 20 வினாக்கள் கொண்ட பட்டியல், 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான முதற்கட்ட வடிகட்டல் கருவியாகும். இது நோயறிதல் முடிவன்று. மேலாய்வு தேவையா என்பதை மட்டும் உணர்த்தும். இந்தியாவில் உருவாக்கப்பட்ட ஐசா அளவுகோல் ஆறு பிரிவுகளில் 40 கூறுகளைக் கொண்டது. இதில் 70-க்குக் குறைவான மதிப்பெண் ஆட்டிசம் இன்மையையும், 70 முதல் 106 வரை லேசான நிலையையும், 107 முதல் 153 வரை நடுத்தர நிலையையும், அதற்கு மேல் கடுமையான நிலையையும் குறிக்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று.

6. வட்டாரச் சூழலில் வாய்ப்புகள்

2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை செல்லும் வகையில் திட்டமிடப்பட்டுள்ளது. ஆயினும் ஓசையையும் கூட்டத்தையும் தாங்காத குழந்தை அங்கன்வாடிக்கே அனுப்பப்படாமல் வீட்டில் இருந்துவிடக்கூடும். தேடப்பட வேண்டிய குழந்தையே குழுவின் பார்வைக்குத் தப்பிவிடும்.

இதற்கு மாற்றாக அமைவது தடுப்பூசிச் சந்திப்பு. தேசிய அட்டவணைப்படி 16 முதல் 24 மாதங்களுக்குள் ஊக்கத் தடுப்பூசியும் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணையும் அளிக்கப்படுகின்றன. இவ்வயது எம்-சாட் பட்டியலுக்குரிய வயது வரம்புக்குள் அடங்குகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் அன்று பெயருக்குத் திரும்புதல், சுட்டிக்காட்டுதல், பாவனை விளையாட்டு ஆகியவற்றைப் பற்றிக் கேட்டால், ஐயத்திற்குரிய குழந்தையை மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்ப இயலும். தடுப்பூசி பற்றிய தவறான அச்சத்தால் இச்சந்திப்பைத் தவிர்க்கும் குடும்பம், நோய்த்தடுப்பை மட்டுமன்றி ஆட்டிசத்தை உரிய காலத்தில் அறியும் வாய்ப்பையும் இழக்கிறது.

வல்லுநர் அருகில் இல்லை என்பதால் பயனில்லை எனக் கருத வேண்டியதில்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நிகழ்த்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், வல்லுநர் அல்லாத பயிற்சிபெற்ற பணியாளர்களே பெற்றோருக்கு வழிகாட்டினர். குழந்தைகள் தாமே முன்வந்து தொடர்புகொள்வது அதனால் மேம்பட்டது. வட்டார வள மையச் சிறப்பாசிரியர்களைக் கொண்டு இத்தகைய முயற்சியை இங்கும் மேற்கொள்ள இயலும்.

7. முடிவுரை

ஆட்டிசம் பெற்றோரின் குறையால் நேர்வதன்று. மருந்தால் நீக்கத்தக்க நோயுமன்று. புற உலகை வேறுவகையில் உணரும் மூளையின் இயல்பு அது. 'புற உலகச் சிந்தனையற்ற' என்னும் தொடரைக் கலைச்சொல் ஆய்வாளர் மறுபரிசீலனை செய்தல் வேண்டும். அதுவரை ஆட்டிசம் என்னும் சொல்லையே கையாளுவது ஏற்புடையது. ஒன்றரை வயதுக் குழந்தை விரல் நீட்டிச் சுட்டுகிறதா என்னும் எளிய வினா, செலவும் கருவியும் வேண்டாதது. வத்தலக்குண்டு வட்டாரத்தின் ஒவ்வொரு தடுப்பூசி நாளிலும் அவ்வினா கேட்கப்படுமாயின், 'தாமதமாகத்தான் பேசும்' என்ற காத்திருப்பில் கழியும் ஆண்டுகள் பயனுள்ளவையாக மாறும்.