சீலிங் மூடுவதற்கு முன்…



உங்கள் ஊரில் பள்ளிவாசலுக்கு மேல்மாடி எழுகிறதா? மத்ரஸாவுக்கு விடுதி கட்டுகிறார்களா? அதற்கு நீங்களும் நன்கொடை கொடுத்திருப்பீர்கள்; நாளை உங்கள் பிள்ளையையும் அங்கே அனுப்புவீர்கள். அப்படியானால் ஒரு கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு: "இங்கே தீப்பிடித்தால் பிள்ளைகள் எந்த வழியால் வெளியேறுவார்கள்?"

மினா தந்த பாடம்

1997 ஏப்ரல் 15ஆம் திகதி மினாவில் ஹாஜிகளின் கூடாரங்களில் தீப்பற்றியது. பலத்த காற்றில் சுமார் 70,000 கூடாரங்கள் எரிந்தன. 343 ஹாஜிகள் வபாத்தானார்கள். அதன் பின்னரே அங்கு இலகுவில் தீப்பற்றாத கூடாரங்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் தாமாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்லர்களும் பொருத்தப்பட்டன.

இக்கருவியின் முனையில் திரவம் நிரப்பிய சிறு கண்ணாடிக் குமிழ் இருக்கும். சிவப்பு நிறக் குமிழ் 68 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உடையும். உடனே நீர் பாயும். ஒன்று உடைந்தால் கட்டடம் முழுவதும் நனைந்துவிடும் என்பது தவறான எண்ணம். பொதுவாக, வெப்பம் பட்ட முனை மட்டுமே திறக்கும்.

கண்ணுக்குத் தெரியும்போதே பாருங்கள்

இதன் குழாய்கள் பெரும்பாலும் சீலிங்கிற்கு மேலே மறைந்துவிடும். ஆகவே மூடுவதற்கு முன்பே குழாயில் நீரை நிரப்பி, வழமையைவிடக் கூடிய அழுத்தத்தில் 2 மணி நேரம் வைத்துக் கசிவு உண்டா எனப் பரிசோதிப்பார்கள். குமிழின் மீது பெயின்ட் பட்டிருந்தால் துடைத்துவிட்டுப் போகக் கூடாது. அந்த முனையையே மாற்ற வேண்டும்.

கட்டி முடியாத கட்டடத்துக்கே ஆபத்து அதிகம். வெல்டிங் தீப்பொறி, தின்னர், பலகைத் துண்டுகள், தற்காலிக மின்வயர் எல்லாம் அங்கே உண்டு. தண்ணீர்க் குழாயோ இன்னும் இணைக்கப்பட்டிருக்காது. வெல்டிங் முடிந்த பின்னரும் ஒரு மணி நேரமாவது ஒருவர் நின்று கவனிக்க வேண்டும்.

ஆனால் நம்மவர் என்ன செய்கிறோம்? மேல்மாடி வேலை நடக்கும்போதே கீழே வகுப்பை ஆரம்பித்துவிடுகிறோம்!

நம் ஊர் நிலை

வாவிக்கு இப்பால் வவுணதீவுப் பக்கத்தில் வாழும் நமக்கு மட்டக்களப்பு நகரிலிருந்து தீயணைப்பு வண்டி வருவதாயின் வலையிறவுப் பாலம் கடந்தே வர வேண்டும். தீயோ சில நிமிடங்களில் ஓர் அறையையே விழுங்கிவிடும். 2004 ஜூலை 16ஆம் திகதி தமிழ்நாட்டின் கும்பகோணத்தில் பாடசாலைச் சமையலறைத் தீ ஓலைக் கூரைக்குத் தாவியது. 94 பிஞ்சுகள் மாண்டனர்.

சிறிய கட்டடத்துக்கு ஸ்பிரிங்க்லர் போட வசதி இல்லாமல் இருக்கலாம். ஆனால் வெளியே திறக்கும் இரண்டாவது கதவுக்கும், பூட்டாத படிக்கட்டுக்கும், மணல் வாளிக்கும் பெரும் செலவில்லை. ஜன்னலுக்குக் கம்பி அடிக்குமுன் ஒன்றையாவது திறக்கக்கூடியதாக வைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் உள்ளூராட்சி மன்றம் பார்வையிட்டுச் சான்றிதழ் தந்ததா என்று கேளுங்கள். அதற்கு முன் பிள்ளையை அங்கே தங்க விடாதீர்கள்.

உறங்குமுன் விளக்கை அணைக்கச் சொல்லித் தந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். "கட்டட விஷயம் ஆண்களின் பொறுப்பு" என்று ஒதுங்கிவிடாதீர்கள். அங்கே உறங்கப் போவது உங்கள் பிள்ளை. சீலிங் மூடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.