உறங்கும் விதைகள்

பச்சைப்பயற்றை இரவில் நீரிலிட்டுக் காலையில் வடிக்கும் வீட்டில் ஒரு காட்சி புதிதன்று. மணிகளெல்லாம் ஊறிப் பருத்திருக்க, நாலைந்து மட்டும் இட்டது இட்டபடியே கல்லாய்க் கிடக்கும். அவற்றைச் சொத்தை என்றெண்ணிப் பொறுக்கி எறிவது வழக்கம். ஆனால் அவை செத்த விதைகள் அல்ல. அவற்றுள் ஒன்றை ஊசியால் சற்றே கீறி மீண்டும் நீரிலிட்டால், பிற மணிகளைப் போலவே ஊறி முளைக்கும். அவை உறங்கும் விதைகள். அவ்வுறக்கத்தின் காரணம் கருவில் இல்லை, தோலில் இருக்கிறது.

சமையலறையில் இது சிறு செய்தி. ஜொகூர் மாநிலத்தின் தோட்டங்களில் இது பெருஞ்செய்தி. கூலாய், குளுவாங், சிகாமட், லாபிஸ் ஆகிய வட்டாரங்களில் முதலில் பால்மரமும் பின்னர்ச் செம்பனையும் பரவின. மறுநடவுக்காக முதிய மரங்களை வீழ்த்தியதும் நிலம் வெறுமையாகிறது. நவம்பர்த் திங்களில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை சரிவுகளின் மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும். எஞ்சிய மண்ணில் லாலாங் புல் வேரூன்றினால் இளங்கன்றுகள் ஏங்கிப்போகும். இவ்விரண்டையும் தடுக்கவே நிலத்தை மூடும் கொடிப்பயிர்களை விதைக்கின்றனர். பியூராரியா, சென்ட்ரோசீமா, கலபோகோனியம் என்னும் மூன்றும் அவற்றுள் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. மூன்றும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இத்தகைய கொடிகளின் வேர்முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குகின்றன. மலேசியத் தோட்டங்களில் முதல் ஐந்தாண்டுகளில், ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 150 கிலோ நைட்ரஜன் இவ்வாறு கிடைப்பதாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர்.

இவ்வளவு நன்மை செய்யும் கொடியின் விதையை அப்படியே தூவினால் என்ன நிகழும்? ஒரு பகுதியே முளைக்கும். எஞ்சியவை வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மண்ணில் கிடக்கும். அதற்குள் மழையும் லாலாங்கும் தம் வேலையை முடித்துவிடும். ஆகவே விதையின் தோலை அறிவது தோட்டக்காரருக்கு வெறும் ஆராய்ச்சி இன்பம் அன்று.

அவரைக் குடும்ப விதையின் தோல் அடுக்கடுக்காய் அமைந்தது. வெளிப்புறத்தில் மெழுகும் கியூட்டினும் படிந்த மெல்லிய படலம் உண்டு. அதன் கீழே, நெருக்கி நட்ட வேலிக்கம்புகளைப் போல, நீண்ட செல்கள் செங்குத்தாய் நிற்கின்றன. இவ்வடுக்கே கோட்டைச் சுவர். இக்குடும்பத்து விதைகளின் அமைப்பை விரிவாக ஆராய்ந்து 1951-இல் கட்டுரை வெளியிட்டவர் இ. ஜே. எச். கார்னர். 1929 முதல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் பணியாற்றிய இவ்வறிஞர், ஜொகூரின் சிடிலி ஆற்றுச் சதுப்புக் காடுகளைச் சுற்றி ஆராய்ந்தவர்.

சுவர் இருப்பினும் அதன் இடுக்குகளை அடைக்கும் சாந்து எது? இங்கேதான் வேதியியல் வருகிறது. நாவில் துவர்ப்பாய் உணரப்படும் டானினும் அதனைச் சார்ந்த பீனால் பொருள்களும் விதைத்தோலில் மிகுதி. காட்டுப் பட்டாணியை ஆராய்ந்த மார்பாக், மேயர் என்னும் இஸ்ரேலிய அறிஞர் இருவர் 1974-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். விதை முற்றிக் காயும்போது, தோலிலுள்ள ஒரு நொதி பிராணவாயுவின் துணையால் இப்பீனால்களை மாற்றுகிறது. அதன் பின்னரே தோல் நீர் புகாததாகிறது. பிராணவாயு இல்லாத இடத்தில் உலர்த்திய விதையின் தோலோ நீரை உள்ளே விட்டது. வெட்டிய வாழைக்காய் காற்றுப்பட்டுக் கறுப்பதும் இவ்வினத்து மாற்றமே.

சுவரில் வாயில் ஒன்றும் உண்டு. காயோடு விதை ஒட்டியிருந்த தழும்பே அது. 1954-இல் ஹைட் என்பவர் இத்தழும்பு ஒருவழிக் கதவாய் இயங்குவதைக் காட்டினார். வெளிக்காற்று உலர்ந்திருந்தால் அதன் பிளவு திறந்து உள்ளீரத்தை வெளியே விடும். காற்றில் ஈரம் மிகுந்தால் மூடிக்கொள்ளும். எனவே ஈரம் வெளியேறலாம், உட்புக இயலாது. விதை மேன்மேலும் காய்ந்து கடினமாவது இதனால்தான்.

இயற்கை இவ்வளவு முயல்வதன் பயன் யாது? எல்லா விதையும் முதல் மழைக்கே முளைத்துப் பின்னர் வெயில் காய்ந்தால் இனமே அழியும். சில இன்று முளைக்கவும் சில பல்லாண்டு காத்திருக்கவும் செய்வது காட்டுச் செடியின் சேமிப்பு முறை. 1793-இல் சீனத்தில் திரட்டப்பட்ட, இக்குடும்பத்தைச் சேர்ந்த மரமொன்றின் விதைகள் இலண்டன் அருங்காட்சியகத்தில் கிடந்தன. 1940-இல் குண்டு வீச்சால் எழுந்த தீயை அணைக்கப் பாய்ச்சிய நீர் அவற்றின்மேல் பட, 147 ஆண்டு உறக்கம் கலைந்து அவை முளைத்தன.

உழவனுக்கோ விதைத்த நாளில் எல்லாம் ஒருங்கே முளைத்தல் வேண்டும். எனவே உறங்காத விதைகளே தலைமுறை தலைமுறையாய் அவன் கைக்கு வந்து சேர்ந்தன. காட்டுச் சோயாவின் கடினத் தோலுக்குக் காரணமான மரபணு ஒன்று 2015-இல் கண்டறியப்பட்டது. அது தோலின் சுண்ணாம்புச் சத்தோடு தொடர்புடையது. ஆனால் இம்மாற்றத்துக்கு விலையும் உண்டு. மென்தோல் விதை ஈரத்தை எளிதில் ஏற்பதால், வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டில் விரைவில் முளைப்புத் திறனை இழக்கிறது. உறக்கம் குறையும் அன்று, காப்பும் அன்று, இரண்டுமே ஆம்.

கொடிப்பயிர்கள் இன்னும் பாதி காட்டுச் செடிகளே. ஆதலின் அவற்றைத் தட்டி எழுப்ப வேண்டும். அதற்கு எளிய வழி வெந்நீர். கொதிநீர் இரண்டு பங்கும் குளிர்நீர் ஒரு பங்கும் கலந்தால் ஏறத்தாழ 75 பாகை செல்சியஸ் வெப்பம் கிடைக்கும். அதில் விதையை இட்டு ஆறும்வரை ஊறவிடுவர். தோலின் வலுவற்ற இடம் வெப்பத்தால் வெடித்து நீருக்கு வழிவிடும். மற்றொரு வழி அடர்ந்த கந்தக அமிலம். அது மேற்படலத்தை அரித்துவிடும். விதைக்கேற்பப் பத்து நிமிடம் முதல் அரைமணி வரை போதும். மிஞ்சினால் கருவே வெந்துபோகும். அமிலம் வடித்த விதையைப் பெருமளவு நீரில் கொட்டிக் கழுவுதல் வேண்டும். அதன்மேல் சிறிதளவு நீரைத் தெளித்தால் வெப்பம் எழுந்து அமிலம் தெறிக்கும். கையுறையும் கண்காப்பும் இன்றி எத்தொழிலாளியையும் இவ்வேலையில் இறக்கலாகாது. வெந்நீர் போதுமான இடத்தில் அமிலத்தை நாடாமையே நன்று.

1991-இல் இந்தியாவிலிருந்து மலேசியாவுக்கு வந்த முக்குனா பிராக்டியேட்டா என்னும் கொடியின் விதை பெரிது. அதனை நகவெட்டியால் ஒவ்வொன்றாய் நறுக்கிப் பையில் நடுகின்றனர். தமிழகத்திலும் பசுந்தாள் உரமாகும் கொழிஞ்சியின் விதையை மணலோடு தேய்த்தோ, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் இட்டோ விதைக்கும் முறை உண்டு. நகவெட்டி, மணல், வெந்நீர், அமிலம் ஆகிய நான்கும் செய்வது ஒன்றே: சுவரில் ஒரு துளை.

இதனைப் பள்ளி மாணவரும் கண்ணாரக் காணலாம். வேலியோரத்துத் தொட்டாற்சுருங்கியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் முற்றிய விதைகளில் இருபதை அப்படியேயும், இருபதை மணல்தாளில் மெல்லத் தேய்த்தும் ஈரத்துணியில் இட்டு, ஒரு வாரம் நாள்தோறும் எண்ணி வரட்டும். தேய்த்தவை முந்தும், தேய்க்காதவற்றுள் பல அசையாமல் கிடக்கும். அவற்றையும் எறிந்துவிடாமல் தேய்த்துப் பார்க்கும் மாணவன், முளைக்காத விதையெல்லாம் பதர் அன்று என்பதைத் தானே அறிவான்.