உழவரின் மனச்சுமையைக் குறைக்கும் வழிகள்

பயிரின் இலை பழுத்தால் உடனே கவனிக்கிறோம். மாடு தீவனம் எடுக்காவிட்டால் அன்றே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்கிறோம். ஆனால் உழவர் ஒருவர் உறக்கமின்றி, உணவு செல்லாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "கவலை யாருக்குத்தான் இல்லை?" என்று விட்டுவிடுகிறோம். இது சரியன்று. மனம் தளர்ந்தால் விதைப்பு தள்ளிப்போகும். மருந்தின் அளவு தவறும். விளைந்ததை அவசரப்பட்டு வந்த விலைக்கு விற்க நேரிடும். ஆகவே பயிரைக் காப்பது போல் மனத்தையும் காப்பது இன்றியமையாதது.

கவலை மிகுவது ஏன்?

உழவுத் தொழிலில் செலவு முதலில், வரவு கடைசியில். குறுவை நெல்லுக்கு ஏறத்தாழ 4 மாதமும், கரும்புக்கு 10 முதல் 12 மாதமும் காத்திருக்க வேண்டும். மழையும் சந்தை விலையும் நம் கையில் இல்லை. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கப்படுவது வழக்கம். அது தள்ளிப்போனால் டெல்டா உழவரின் கணக்கு முழுவதும் மாறிவிடும். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில், பல ஆண்டுகள் வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. இத்தகைய இழப்புகள் உழவரின் குற்றத்தால் வருபவை அல்ல. இழப்பு வேறு, குற்றம் வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

அறிகுறிகள்

படுத்தும் உறக்கம் வராமை, விடியுமுன் விழித்துக்கொள்ளுதல், பசியின்மை, ஓயாத தலைவலி, சிறு விஷயத்துக்கும் சினம், வயலுக்குப் போக மனமின்மை, ஊர்க் காரியங்களில் ஒதுங்குதல், குடி அதிகமாதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். இவை 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைக் காண வேண்டும்.

கடனை எழுதிப் பார்க்கவும்

தலைக்குள் சுற்றும் கடன் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். ஒரு நோட்டில் கொடுத்தவர், தொகை, வட்டி, தவணை நாள் என நான்கு பத்தி போட்டு எழுதவும். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 36 விழுக்காடு. 50,000 ரூபாய்க்கு வட்டி மட்டும் ஆண்டுக்கு 18,000 ரூபாய். இத்தகைய கடனையே முதலில் அடைக்க வேண்டும் என்பது எழுதிய உடனே விளங்கும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பெறும் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. தவணை கட்ட இயலாது என்று தெரிந்தால், நோட்டீசு வரும்வரை ஒளிந்திராமல் முன்கூட்டியே சங்கச் செயலாளரையோ வங்கி மேலாளரையோ கண்டு பேசவும். இயற்கைச் சீற்றத்தால் பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் தவணையை நீட்டித்துத் தர விதிமுறைகள் உண்டு.

பயிர்க் காப்பீட்டையும் தவறவிட வேண்டாம். 2016 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தில், உணவுப் பயிர்களுக்கு உழவர் செலுத்த வேண்டியது காப்பீட்டுத் தொகையில் கரீப் பருவத்தில் 2 விழுக்காடும், ராபி பருவத்தில் 1.5 விழுக்காடும் மட்டுமே. அறுத்து வயலில் உலரப் போட்ட பயிர் 14 நாட்களுக்குள் புயலாலோ பருவம் தவறிய மழையாலோ கெட்டால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

வீட்டாரிடம் மறைக்க வேண்டாம்

மனைவி மக்களுக்குத் தெரிந்தால் வருந்துவார்கள் என்று கடனை மறைப்போர் பலர். பகிர்ந்துகொண்டால் சுமை பாதியாகும். செலவைக் குறைக்க வீடே துணை நிற்கும். பெண்களின் சுமையையும் மறக்கலாகாது. விடியலில் பால் கறப்பது முதல் நடவு, களை, சமையல் என இரவுவரை ஓய்வின்றி உழைப்பவர் அவர்களே. வீட்டு வேலையை ஆண்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

வேலை மிகுந்த நாளிலும் வேளைக்கு உணவு, உச்சி வெயிலில் நிழலில் ஓய்வு, இரவில் 7 மணி நேர உறக்கம் தேவை. கவலையை மறக்க மது உதவாது. அது உறக்கத்தைக் கெடுத்து மறுநாள் சோர்வைக் கூட்டுவதோடு கடனையும் வளர்க்கும்.

பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கவும்

மனம் உடைந்த ஒரு கணத்தில் எழும் எண்ணம் சிறிது நேரத்தில் தணிந்துவிடக்கூடும். அந்நேரம் நஞ்சு கைக்கெட்டாமல் இருந்தால் ஓர் உயிர் பிழைக்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிச் சிற்றூர்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதனால் தற்கொலைகள் குறைந்ததாக 2013-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது. நாமும் தேவையான அளவே வாங்கி, மீதத்தைப் பெட்டியில் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்து வைப்பது நலம். சிறுவர்களுக்கும் அதுவே பாதுகாப்பு.

அண்டை வயற்காரர் "இனி எதற்கு வாழ்வது?" என்பது போல் பேசினால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. அருகில் அமர்ந்து வெளிப்படையாகக் கேட்கவும். கேட்பதால் தீய எண்ணம் உண்டாகாது. மாறாக, மனத்தில் உள்ளதைக் கொட்ட வழி பிறக்கும். அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்.

உதவி பெற

மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இயங்குகிறது. 2022-ல் தொடங்கப்பட்ட 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். பயிர் பற்றிய ஐயங்களுக்கு 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மையத்தை நாடலாம்.

ஒரு போகம் பொய்த்தால் மறு போகம் உண்டு. அதைச் செய்ய உழவர் நலமாக இருத்தல் வேண்டும். ஆகவே, வரும் ஞாயிறன்று அந்த நோட்டை எடுத்து வீட்டாரோடு உட்கார்ந்து கணக்கை எழுதத் தொடங்குங்கள்.