அக்சஸ் தரவுத்தளத்தை மேகக் கணிமைக்கு மாற்றுதல்

அக்சஸ் தரவுத்தளத்தை மேகக் கணிமைக்கு மாற்றுதல் என்பது, மேசைக்கணினியில் மைக்ரோசாப்ட் அக்சஸ் கோப்பாக உள்ள தரவுகளை, இணையம்வழி அணுகப்படும் தரவுத்தள வழங்கிக்கு இடம்பெயர்ப்பதாகும். 1992 இல் வெளியான அக்சஸ், அட்டவணைகள், படிவங்கள், அறிக்கைகள், நிரல்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்திருக்கக்கூடியது. அக்கோப்பு 2 கிகாபைட்டைத் தாண்ட இயலாது.

கோப்பை அப்படியே இணையச் சேமிப்பகத்தில் இடுவது இடம்பெயர்ப்பு ஆகாது. அக்சஸின் தரவுத்தளப் பொறி பயனரின் கணினியிலேயே இயங்கி, கோப்பில் நேரடியாக எழுதுகின்றது. ஒத்திசைக்கப்படும் கோப்புறையில் இருவர் ஒரே வேளையில் திருத்தினால் இரு வேறு படிகள் உருவாகி, ஒருவரின் பதிவுகள் இழக்கப்படலாம்.

செய்முறை

பொதுவாக அட்டவணைகள் மட்டும் அசூர் எஸ்கியூஎல் போன்ற வழங்கிக்கு மாற்றப்படும். படிவங்களும் அறிக்கைகளும் பயனரின் கணினியில் இருந்தவாறே ஓடிபிசி இணைப்பின் மூலம் அவற்றை அணுகும். இதற்கான இலவசக் கருவியை மைக்ரோசாப்ட் வழங்குகின்றது. படிவங்களையும் உலாவியில் இயக்குவதற்காக அந்நிறுவனம் 2013 பதிப்பில் கொணர்ந்த அக்சஸ் வலைச்செயலிகள் நிலைக்கவில்லை. சேர்பாயிண்ட் ஆன்லைனில் அச்சேவை ஏப்ரல் 2018 இல் நிறுத்தப்பட்டது.

சிக்கல்கள்

முழு அட்டவணையையும் திறக்கும் படிவம் அலுவலக வலையமைப்பில் விரைவாகவும் இணையத்தில் மிக மெதுவாகவும் இயங்கலாம். தேவையான பதிவுகளை மட்டும் பெறுமாறு அதனைத் திருத்தவேண்டும்.

பழைய தரவின் பிழைகளும் இப்போதுதான் வெளிப்படும். அக்சஸ் கி.பி. 100 முதலான நாட்களை ஏற்கும். எஸ்கியூஎல் சேர்வரின் பழைய நாள் தரவு வகையோ 1753 க்கு முற்பட்டவற்றை ஏற்காது. 2005 என்பதற்குப் பதில் 205 எனத் தட்டச்சிடப்பட்டு, ஆண்டுக்கணக்கில் எவர் கண்ணிலும் படாத ஒரேயொரு பதிவு அட்டவணையின் மாற்றத்தைத் தடுத்துவிடலாம்.