பாறைப் பல்லியும் வீட்டுப் பல்லியும்: யார் அந்நியர்?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலிருந்து மலைப்பக்கம் திரும்பினால் கருங்கல் பாறைகள்தான். அப்படியொரு பாறை இடுக்கில், பட்டப்பகலில், விரல் நீளம்கூட இல்லாத பல்லி ஒன்று ஓடுகிறது என்று வையுங்கள். வீட்டுச் சுவரில் பார்த்துப் பழகிய பல்லி மாதிரி இல்லை. "எங்கிருந்தோ வந்து புகுந்துவிட்டதோ?" என்று தோன்றும். கண்ணுக்குப் புதிதாக இருப்பது வேறு, மண்ணுக்குப் புதிதாக இருப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் காக்க வேண்டியதை அடித்துவிடுவோம், தடுக்க வேண்டியதை வளர்த்துவிடுவோம்.

முதலில் அடையாளம். நிறத்தை நம்பாதீர்கள், ஒரே பல்லி பகலில் கருத்தும் இரவில் வெளுத்தும் தெரியும். வாலையும் முழுதாக நம்ப முடியாது, அறுந்து மறுபடி முளைத்ததாக இருக்கலாம். கண்ணையும் விரலையும் பாருங்கள். வீட்டுப் பல்லிக்கு வெளிச்சத்தில் கண்மணி செங்குத்தான கீற்றாகச் சுருங்கும். விரலடியில் அகன்ற மெத்தை போன்ற பகுதி உண்டு, அதனால்தான் கண்ணாடியில்கூட ஏறுகிறது. க்னெமாஸ்பிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த பகல் பல்லிகளுக்குக் கண்மணி வட்டமானது. விரல்கள் மெலிந்தவை, நகத்தால்தான் பாறையைப் பற்றுகின்றன. பாறையில் இருப்பதெல்லாம் பகல் பல்லியும் அல்ல. வீட்டுப் பல்லியின் உறவுகளும் அங்கே வாழ்கின்றன.

இந்தப் பகல் பல்லிகள் பல ஒரு குன்றையோ ஒரு சிறு வட்டாரத்தையோ தாண்டி வாழ்வதில்லை. பக்கத்து வேலூர்க் கோட்டையில் வாழும் ஒரு பகல் பல்லியை ஊர்வன ஆய்வாளர்கள் இந்திரனீல் தாஸும் ஆரன் பாயரும் 2000-ல்தான் புதிய இனமாக விவரித்தார்கள். ஏலகிரி மலையின் பெயரைத் தாங்கிய இன்னொரு இனம் 2020-ல் அறிவியலுக்கு அறிமுகமானது. ஊர் நடுவே நிற்கும் கோட்டையின் பல்லிக்கே இவ்வளவு காலம் பெயர் இல்லை. ஆகவே, நமக்குத் தெரியாத பல்லி இந்த மண்ணின் மிகப் பழைய குடியாகவே இருக்கலாம்.

இப்போது மறுபக்கம். நம் வீட்டில் 'டிக் டிக்' என்று கத்தும், பலன் பார்க்கிறோமே, அந்தப் பல்லி ஆசியாவைச் சேர்ந்தது. கப்பல் சரக்கோடு பசிபிக் தீவுகளுக்குப் போன அது, அங்கே ஆக்கிரமிப்பு இனம். ஹவாய்த் தீவுகளில், விளக்கைச் சுற்றிக் கூடும் பூச்சிகளை வேகமாகப் பிடித்துத் தின்று, முன்பே அங்கிருந்த சிறிய பல்லியைக் கட்டடங்களிலிருந்து விரட்டியது. ஆக, ஆக்கிரமிப்பு என்பது உயிரின் பிறவிக் குணம் அல்ல. மனிதர் கொண்டுபோய்ச் சேர்த்ததா, தானாகப் பெருகிப் பரவுகிறதா, அங்குள்ளவற்றைக் கெடுக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்குமான விடை அது. இதே கேள்விகளைச் சீமைக் கருவேலத்திடமும் உண்ணிச்செடியிடமும் கேளுங்கள். இரண்டும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. தலைமுறைகளாகப் பார்த்துவிட்டதால் நம் ஊர்ச் செடிபோலத் தெரிகின்றன. பழக்கம் இப்படியும் ஏமாற்றும்.

"உயிரினங்கள் எப்போதும் இடம்பெயர்ந்துகொண்டுதானே இருந்தன?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், மிதக்கும் மரத்தைப் பற்றிக்கொண்டு எப்போதோ ஒரு பல்லி கரை சேர்வதும், கப்பல் சரக்கோடு மீண்டும் மீண்டும் பல்லிகள் போய் இறங்குவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் அங்குள்ள உயிர்கள் பழகிக்கொள்ள அவகாசமே இல்லை. "அப்படியானால் சந்தேகம் வந்ததும் அடித்துவிடுவது பாதுகாப்பு அல்லவா?" என்ற வாதமும் உண்டு. ஒன்றை அடிப்பதால் எந்த ஆக்கிரமிப்பும் நிற்காது. ஒரே குன்றில் வாழும் இனத்தில் ஒன்றை இழந்தால் அது பெரிய இழப்பு. எங்கே, எப்போது தென்பட்டது என்ற பதிவுதான் பரவலைக் காட்டிக்கொடுக்கும். முதுகு, கண், விரல் தெரியும்படி தள்ளி நின்று படம் எடுங்கள். இடத்தையும் நேரத்தையும் சேர்த்து ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் ஏற்றுங்கள். அறிந்தவர்கள் இனத்தைச் சொல்ல உதவுவார்கள். பிடிக்க வேண்டாம், கல்லைப் புரட்ட வேண்டாம்.

நிஜமான அபாயம் பெரும்பாலும் நம் கை வழியாகத்தான் நுழைகிறது. கடையில் வாங்கிய சிவப்புக் காது ஆமை வட அமெரிக்காவைச் சேர்ந்தது. அது வளர்ந்து தொட்டிக்குள் அடங்காதபோது, புண்ணியம் என்று நினைத்துக் கோயில் குளத்தில் விட்டால், அங்குள்ள ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். பாறையில் ஓடுவதை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். தொட்டியில் வளர்ப்பதைக் குளத்தில் விடாதீர்கள்.