ஆபாசமும் சமூக அளவுகோலும்

பூவிருந்தவல்லியிலாயினும் புதுக்கோட்டையிலாயினும், திருவிழா மேடையில் நிகழும் ஆடல்பாடல் ஆபாசமென வழக்காயின், நீதிபதி எவ்வளவுகோல் கொண்டு அளப்பார்? பொதுவிடத்தில் பிறர்க்கு வெறுப்புண்டாக ஆபாசச்செயல் புரிவோரைத் தண்டிக்கும் விதி, முன்னர் இந்திய தண்டனைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சங்கிதையின் 296-ஆம் பிரிவு. ஆபாசம் யாதென இரண்டுமே இலக்கணங் கூறவில்லை.

நெடுநாள் 1868-ஆம் ஆண்டின் ஹிக்ளின் என்னும் ஆங்கில வழக்கே வழிகாட்டிற்று: எளிதிற் கெடும் உள்ளத்தைக் கெடுக்குமோவென்பதே வினா. 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்சநீதிமன்றம் அதனைக் கைவிட்டு, சமகாலச் சமூகத்தின் நோக்கையே அளவாகக் கொண்டது. 2016-இல் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வழக்கில் சென்னை உயர்நீதிமன்றமும் அவ்வாறே ஆராய்ந்து, நூலைத் தடைசெய்ய மறுத்தது. ஊரார் சிலரின் சினத்தைச் சமூகத்தின் அளவுகோலாகக் கொள்ளாமை நன்றேயென்போம். ஆயின், வேண்டாதார் நூலை மூடிவைக்கலாம். தெருவிலெழும் மேடையை அங்ஙனம் மூடவியலாதன்றோ? பிறர்க்கு உண்டாகும் வெறுப்பை அவ்விதி கருதுவது இதுபற்றியே போலும்.